ஆள் தூங்கும் வீடு

அப்பாவின் உயிர் போனபோது வீட்டில் இருந்தவர்கள்: கிண்ணத்தில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்த அம்மா, அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த மகள், கழுத்தில் அளவு நாடாவோடு எட்டிப் பார்க்க வந்து அப்படியே நின்றுவிட்ட கீழ்வீட்டுத் தையல்காரர், உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய தம்பி.

தையல்காரருக்குத்தான் முதலில் புரிந்தது.

"துணிய வைங்கம்மா. போதும்," என்றார்.

அம்மா துணியைக் கிண்ணத்திலேயே போட்டாள். வாய் திறந்தது. சத்தம் வெளியே வருவதற்குள் அவள் பார்வை உள்ளறைக் கதவுக்குப் போனது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"தம்பிய எழுப்பலையா?" தையல்காரரும் தணிந்த குரலில்தான் கேட்டார். அந்த வீட்டுக்குக் கீழே குடியிருந்தே அவருக்கும் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"இப்பதான் வேலை முடிஞ்சு வந்து படுத்தான்," என்றாள் மகள்.

அது ஒரு பதிலே இல்லை. ஆனால் அந்த வீட்டில் அதற்கு மேல் பதில் தேவைப்பட்டதில்லை.

அப்பா ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்த்தவர். விடிந்து வந்து படுப்பார். அவர் எழும்வரை குக்கர் அடுப்பில் ஏறாது, மிக்ஸி ஓடாது. அழைப்பு மணியின் ஒயரை அம்மா என்றைக்கோ பிடுங்கிவிட்டாள். அக்காவும் தம்பியும் சண்டை போட்டால்கூடச் சத்தமில்லாமல் கிள்ளிக்கொள்ள வேண்டும்; பலமாகக் கிள்ளு வாங்கியவர் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டு வர வேண்டும். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருடம் தம்பி கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்சல் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தான். வீட்டில் எதுவும் மாறவில்லை. தூங்குகிற ஆள் மட்டும் மாறினான்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்தார். கணீரென்ற குரல்காரர். "எப்ப ஆச்சு?" என்று வாசலிலேயே ஆரம்பித்தவரைப் பார்த்து அம்மா உதட்டில் விரல் வைத்தாள். டாக்டர் குரலை இறக்கி, "குழந்தை தூங்குதா?" என்றார்.

"ஆமா. பையன்."

"என்ன வயசு?"

"முப்பத்தாறு."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்து அப்பாவின் இமையை விலக்கிப் பார்த்தார். போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி வரைக்கும் நடந்தார்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "அவனா எழுந்திரிக்கட்டும்," என்றாள். "எழுந்து ஒரு வாய் சாப்பிட்டதும் சொல்லலாம். வெறும் வயித்துல கேட்டா மயங்கிருவான்."

"வண்டிக்குச் சொல்லணும்லம்மா," என்றார் தையல்காரர்.

"சொல்லலாம். அவரு எங்க ஓடப் போறாரு."

பிறகு அம்மா மகளின் பக்கம் சாய்ந்து, காதோடு சொன்னாள். "காலையில நடந்தத அவன்கிட்ட சொல்லாத. தூக்கத்துலயே போயிட்டாருன்னு சொல்லிருவோம். அவன் தாங்க மாட்டான்."

மகள் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை.

காலையில் நடந்தது பெரிய விஷயம் இல்லை. யாரிடம் சொன்னாலும் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

படுக்கையில் விழுந்த நாளிலிருந்தே அப்பா பழையதை எல்லாம் கிளறிக்கொண்டிருந்தார். முன்பு பேசாதவர். இப்போது கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார். போன வாரம்கூட மகளைப் பார்த்து, "பூனை, இங்க வா. உங்க ரெண்டு பேரையும் நான் எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கேனா?" என்றார்.

"பார்க்குக்குப் போனோமே."

"என்ன பண்ணினோம்?"

"நீங்க பெஞ்சுல படுத்துத் தூங்கிட்டீங்க. நாங்க பக்கத்துல உக்காந்திருந்தோம்."

"விளையாடலையா?"

"நீங்க தூங்குனீங்கல்ல."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமும்போது அவரே உள்ளறையைப் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் அடங்கியதும், "ரொட்டி நல்லாத்தான் வெந்துச்சு," என்றார். "மத்ததெல்லாம் நான் பாக்கவே இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "அவனும் அதே மாதிரி ஆயிட்டான்," என்றார்.

இன்று காலை அவர் மூச்சு மாறியபோது சொன்னது அவ்வளவுதான். "அவன எழுப்பு. பேசணும்."

"அசந்து தூங்குறான்பா. மத்தியானம் எழுந்துருவான்."

"இப்ப எழுப்பு."

அவள் எழுந்து போனாள். உள்ளறைக் கதவின் முன் நின்று கையை மடக்கினாள். கதவுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையும் இடைவெளிதான் இருந்தது. உள்ளே மின்விசிறி ஓடியது. கை அதற்கு மேல் போகவில்லை. நுனிக்காலில் திரும்பி வந்து, "எழுந்துருவான்பா," என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். "பூனை," என்றார்.

அவர் வைத்த பெயர்தான் அது. 'எம் பொண்ணு பூனை மாதிரி. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது' என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதுவரை புகழ்ச்சியாகவே கேட்டுப் பழகிய சொல். அதன் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தப் பெயர் உள்ளுக்குள் உறுத்தியது. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். சேர்ந்த நாளில் உட்கார்ந்த அதே நாற்காலி. அவளிடம் வேலை கற்ற பெண் ஒரு நாள் முதலாளியின் அறைக்குள் விறுவிறுவென்று போய்விட்டு, மேற்பார்வையாளராக வெளியே வந்தாள். இவள் அந்த அறை வாசல் வரை எத்தனையோ தடவை போயிருக்கிறாள். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள், திரும்பிவிடுவாள். கல்யாணமான புதிதில் கணவன், "நீ வீட்ல இருக்கிறதே தெரியல," என்று சந்தோஷமாகச் சொன்னான். இப்போதும் அதையேதான் சொல்கிறான், சந்தோஷமில்லாமல். அப்பாவின் ரிப்போர்ட்டை வாங்கிய அன்று, இன்னும் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே நின்றாள். கதவு சாத்தியிருந்தது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதையெல்லாம் நல்ல குணம் என்று நினைத்திருந்தாள். குணமும் இல்லை, பயமும் இல்லை. யாரோ தூங்குகிறார்கள். எங்கே போனாலும் யாரோ தூங்கிக்கொண்டே இருக்கிறார்கள், அவள் நுனிக்காலில் நடந்துகொண்டிருக்கிறாள். நாற்பது வயது வரை செய்தது இவ்வளவுதான்.

அப்பா செத்து வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மூன்று பேர் ஒரு பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, உயிரோடு இருப்பவனின் தூக்கம் கலையாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்தாள். கையை மடக்காமல், உள்ளங்கையால் கதவில் அறைந்தாள்.

"ஏய், மெதுவாடி," என்றாள் அம்மா, பதறி.

இன்னொரு தடவை அறைந்தாள். இன்னொரு தடவை. பக்கத்து அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் அதிர்ந்தன.

உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது. "யாரு செத்துட்டாங்கன்னு இப்படித் தட்டுற?"

கதவு திறந்தது.

"அப்பா," என்றாள்.

தம்பி அவளைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்தான். கண்ணைத் தேய்த்துக்கொண்டான். போய் அப்பாவின் காலைத் தொட்டான். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டான்.

"சில்லுன்னு இருக்கு. எப்போ?"

தையல்காரர் நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"காலையிலயே," என்றாள் அவள்.

"காலையிலயா? இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தூக்கத்துலயே போயிட்டாருப்பா," என்றாள் அம்மா வேகமாக. "யாருக்கும் தெரியல. எழுப்ப நேரமே இல்ல."

பக்கத்தில் வந்து நின்றிருந்த அவள் கணுக்காலை அம்மாவின் கை அழுத்திப் பிடித்தது. அப்படியே விட்டுவிடலாம். விட்டிருந்தால் தம்பி அழுதிருப்பான், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும், வீடு பழைய மாதிரியே இருந்திருக்கும்.

"இல்லடா. முழிச்சுத்தான் இருந்தார். உன்ன எழுப்பச் சொன்னார், பேசணும்னார். நான் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். "என்ன பேசணும்னார்?"

"தெரியல."

"கேக்கலையா?"

"கேக்கல."

அவன் தரையில் உட்கார்ந்தான்.

"காலையில தண்ணி குடிக்க எழுந்தேன்," என்றான். "நீங்க பேசுற சத்தம் லேசா கேட்டுச்சு. வெளிய வந்தா அப்பா தூக்கம் கெடும்னு மறுபடியும் படுத்துட்டேன்."

அம்மா முந்தானையை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோய், பாதியில் விட்டுவிட்டாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவ்வளவு பெரிய குரல் அம்மாவுக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

வண்டி வந்து, அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. வந்தவர்கள் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். தம்பி ஆகவேண்டிய காரியங்களை எல்லாம் பார்த்தான். எல்லோரிடமும் பேசினான். அக்காவிடம் மட்டும் பேசவில்லை. அவள் நீட்டிய தண்ணீரை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

இருட்டும் நேரத்தில் கணவன் கீழே நின்று ஹாரன் அடித்தான். அம்மா அழுது ஓய்ந்து, சுவரில் சாய்ந்து விழித்திருந்தாள். மகள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வர்றேன்," என்றாள்.

தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வேணாம். கொஞ்ச நாளைக்கு வராத."

பழைய அவளாக இருந்தால் சரி என்றிருப்பாள். சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

"வருவேன்," என்றாள். "நீ திறக்கலன்னா தட்டுவேன்."

கீழே மறுபடியும் ஹாரன் அடித்தது. அவள் வெளியே வந்து குனிந்து செருப்பைத் தேடினாள்.

"படியில லைட் எரியல," என்றான் தம்பி. "பாத்து எறங்கு."

அவள் நிமிர்வதற்குள் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டில் சாவி திரும்பியது.