நடுக் கட்டத்தின் மேல் ஒரு பூ

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரே ஒரு உறை. தபால் நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையில் அது இருந்தது. கதவு எண், தெரு எல்லாவற்றையும் கொடியும் இலையுமாகக் கையால் எழுதியிருந்தாள். பெயர் வர வேண்டிய இடத்தில் மூன்று காலிக் கட்டங்கள். நடுக் கட்டத்தின் தலையில் மட்டும் ஒரு குட்டிப் பூ. எட்டிப் பார்த்ததற்கு முறைத்தாள். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்... (மழை இல்லாமல் கதை எழுதத் தெரியாதா எனக்கு?)

உறவு என்பது... (ஐயோ.)

அவள் கல்யாணப் பத்திரிகை உறைகளின் மேல் பெயர் எழுதுகிறவள். (இது போதும்.)

உறைக்காரி என்று வைத்துக்கொள்வோம். புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் பூ வைப்பாள். அச்சகத்தில் அவளைக் கேலி செய்யாத ஆள் இல்லை. தினமும் காலை ஏழு மணிக்கு, மருந்துக் கடை நடத்தும் அண்ணியோடு போனில் செய்தித்தாளின் சொற்புதிரைப் போடுவாள்.

"அண்ணி, எட்டு, இடமிருந்து வலம். சிநேகிதி. மூணு எழுத்து."

"தோழி ரெண்டுதானே? வேறென்ன?"

"நண்பி!"

"அடிப்பாவி, அப்படி ஒரு சொல்லே கெடையாது."

"கட்டத்துல சரியா உக்காருதே அண்ணி."

"உக்காந்துட்டா சொல்லாயிடுமா?"

மறுநாள் விடையில் நண்பி என்றே வந்தது. அண்ணி பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினாள். அந்த உறைக்கு முகவரி எழுதிக் கொடுத்தவள் இவள்தான்.

3.

அண்ணனும் அண்ணியும் பிரிந்துவிட்டார்கள். (ஏன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அது அவர்கள் பாடு.) தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றப் படிக்கட்டில் அண்ணி இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இனிமே நீ என்னை அண்ணின்னு கூப்பிடணும்னு இல்ல."

கோபத்தில் சொன்னாளா, பெரிய மனதோடு சொன்னாளா? கேட்க இவளுக்கு வாய் வரவில்லை. நான்கு மாதமாக ஏழு மணிக்குப் போன் அடிக்கவில்லை. தினமும் புதிர் பாதியில் நிற்கிறது. அண்ணியை அடியோடு இழந்துவிட்டோமோ என்ற பயம் அவளைப் பிடுங்கித் தின்கிறது.

"நீ யாரு பக்கம்?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டான்.

"நான் புதிர்ப் பக்கம்ணா."

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்து நின்றான். (இந்த அண்ணனைக் கெட்டவனாக எழுதத்தான் நினைத்தேன். கேட்க மாட்டேன் என்கிறான்.)

"அவளோட புது விலாசம் எங்கிட்ட இருக்கு. வேணுமா?" என்றான்.

4.

முகவரி எழுதியாகிவிட்டது. பெயரில்தான் பேனா நின்றது. அண்ணி என்று போடலாமா? வேண்டாம் என்றாளே. பெயரையே எழுதினால் யாரோ ஊர்பேர் தெரியாதவருக்குப் போகிற பத்திரிகை மாதிரி இருந்தது. கடைசியில் மூன்று கட்டம் போட்டாள். என்னவென்று அவங்களே நிரப்பிக்கொள்ளட்டும். உள்ளே பாதி போட்ட அன்றைய புதிரை வைத்து ஒட்டினாள்.

ஒட்டிய பிறகுதான் பார்த்தாள். பழக்க தோஷம், கை தானாக நடுக் கட்டத்தின் மேல் பூ வைத்திருந்தது. போச்சு! மனசில் இருந்ததை உளறிவிட்டதே இந்தக் கை!

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மூன்றெழுத்து உறவுகளை எண்ணிப் பாருங்கள். அம்மா, அப்பா, அக்கா, தம்பி, தங்கை, அத்தை. இவர்கள் எல்லோருக்கும் நடுவில் புள்ளி. எனக்கே இதை எழுதும்போதுதான் தெரிந்தது. அவள் தெரிந்தே வைத்தாள் என்று கதைவிட மாட்டேன்.)

5.

முடிவு ஒன்று: பதிலே வரவில்லை. (எழுதிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: அண்ணி நேரில் வந்து, கட்டிக்கொண்டு, இருவரும் ஓவென்று... (சினிமா.)

முடிவு மூன்று: எட்டாம் நாள் ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே, இவள் அனுப்பிய உறையின் முகப்பு மட்டும், கத்தரியால் நறுக்கப்பட்டு. மருந்துச் சீட்டுக் கிறுக்கலில் அண்ணி நடுக் கட்டத்தை மட்டும் நிரப்பியிருந்தாள். ண். இரண்டு பக்கமும் காலி.

பின்னால் ஒரு வரி: "புதிர்ல ரெண்டு தப்பு. நாளைக்கு ஏழு மணிக்குப் போனை எடு, கழுதை."

உறைக்காரி சிரித்தாள், அப்புறம் மூக்கைச் சிந்தினாள், மறுபடி பார்த்தாள். அண்ணியா? நண்பியா? அப்படி ஒரு சொல்லே கெடையாது என்று சண்டை போட்டவளாயிற்றே!

6.

மணி ஏழு. போன் அடிக்கிறது. எடுத்ததும் முதலில் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நான் ஒதுங்கிக்கொள்கிறேன், பென்சிலை நீங்கள் எடுங்கள்.

அவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, செய்தித்தாளை விரித்து, மூச்சை இழுத்து, சொன்னாள்:

"[    ] [ ண் ] [    ], சொல்லுங்க!"