வேகத்துக்குப் பூட்டிய வண்டி

எங்களுக்குப் பிள்ளை ஒன்றுதான், யூலியானா. என் மனுசன் ஸ்ரனிஸ்லாசைக் கேட்டால் இரண்டு என்பார், மற்றது கிளச். இங்கே இத்தாலியில், பலேர்மோவின் பிரான்காச்சோப் பக்கம் ஒரு கராச்சில் ஸ்கூட்டர் திருத்துகிறார். கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தாலும் கிளச், சாப்பிட உட்கார்ந்தாலும் பெல்ட். ஒருநாள் சொதிக் கோப்பைக்குள் கரண்டியைச் சுழற்றிச் சுழற்றி, எஞ்சின் வேகம் கூடும்போது பெல்ட் எப்படி மேலே ஏறும் என்று பிள்ளைக்குக் காட்டினார். "கோதாரி, சொதி ஆறுது, முதல்லை தின்னுங்கோ" என்று கத்தினேன்.

யூலியானா சனி, ஞாயிறுகளில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாவை, பராமரிக்கப் போகிறாள். அந்தச் சிஞ்ஞோராவின் மகன் லொரென்சோவுக்கு மதோனியே மலையில் ஒரு வீடு இருக்கிறது. அங்கே ஓடுவதற்கு ஒரு மோட்டோஸ்லித்தாவும் வைத்திருக்கிறான். பனியில் ஓடும் ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முன்னுக்கு இரண்டு சறுக்குப் பலகை, பின்னுக்கு றப்பர்ப் பட்டி. உள்ளே கிளச்சும் பெல்ட்டும் ஸ்கூட்டரில் உள்ள மாதிரியேதான், கொஞ்சம் பெரிது. பனிக்காலம் தொடங்க முன்னமே அதைக் கராச்சுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

"ஏத்தத்துக்கோ, வேகத்துக்கோ எண்டு கேட்டனான்," என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மனுசன் தொடங்கினார். "ரெண்டும் ஒண்டாய்க் கிடையாது மலர். சின்னப் பல்லுச் சக்கரம் போட்டால் மாடு மாதிரி இழுக்கும், ஓடாது. பெரிசைப் போட்டால் பறக்கும், ஆனால் பாரத்தோடை மேட்டிலை திணறும்."

"அவன் என்ன சொன்னவன்?"

"பறக்க வேணுமாம்."

பறக்கவிட்டார். பெரிய சக்கரம் பூட்டினார். கிளச்சுக்கு இறுக்கமான ஸ்பிரிங் போட்டார். எஞ்சின் நன்றாக இரைந்த பிறகுதான் அது பிடிக்கும், பிடித்ததும் வண்டி பாயும். யோசித்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்து மண்டைதீவில் பிறந்த மனுசன் அவர். அங்கே மேடு என்றால் வயல் வரம்புதான். பனியைத் தொலைக்காட்சியில் கண்டதோடு சரி. சமவெளியில் அந்த வண்டி சீறிக்கொண்டு போகிற வீடியோவை லொரென்சோ அனுப்பியபோது, தமிழ்ப் பூசை முடிந்து வந்த ஒருவரையும் விடாமல் பிடித்துக் காட்டினார். கொட்வின் அண்ணை தப்பி ஓடப் பார்த்தார், விடவில்லை.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு. பனி விழுந்ததைக் கேட்டால் பலேர்மோக்காரருக்கு விசர் பிடித்துவிடும், குடும்பத்தோடு மலைக்கு ஓடுவார்கள். லொரென்சோவும் தாயைப் பனி காட்டக் கூட்டிக்கொண்டு போனான். தாய் போனால் யூலியானாவும் போகத்தானே வேண்டும். பின்னேரம் நான் பலேர்மோவில், கபோவில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மனுசனின் போன் அடித்தது.

"அப்பா, அம்மாட்டைக் குடுக்காதேங்கோ" என்றது பிள்ளையின் குரல்.

மீன் கையோடேயே போனைப் பறித்து மேசையில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டேன். "என்னடி? என்ன நடந்தது?"

நடந்தது இதுதான். மத்தியானம் தொடங்கிய பனி நிற்கவில்லை. றோட்டு மூடிவிட்டது, கரண்டும் போய்விட்டது. சிஞ்ஞோராவுக்கு மூச்சு விட உதவும் மெஷின் கரண்டில் ஓடுவது. கையிருப்பில் இருந்த சின்ன ஒட்சிசன் சிலிண்டரும் முடியப்போகிறது. அம்புலன்ஸ் மலை உச்சிக்கு அந்தப் பக்கம், பனி தள்ளிய றோட்டில் நிற்கிறது. மீட்புக்காரரின் வண்டி வேறிடத்தில் கார்களில் அகப்பட்டவர்களை எடுத்துக்கொண்டிருக்கிறது, விடியத்தான் வருமாம். வீட்டிலிருந்து உச்சிக்கு ஏற வேண்டும், பிறகு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இருப்பது மோட்டோஸ்லித்தா ஒன்றுதான்.

"மூண்டு பேரும் ஏறிப் பாத்தம். வாசல்லையே பெல்ட் எரிஞ்சு மணக்குது அப்பா," என்றாள்.

மனுசனின் முகம் செத்துப்போனது. அந்த முகத்தைக் கண்டுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது.

"ஏறாது," என்றார் மெதுவாக. "மூண்டு பேரோடை ஏறாது. நான் போட்ட பல்லு அதுக்கில்லை. பெல்ட் பாதி வழியிலை எரிஞ்சு அறும். அறுந்தால் மூண்டு பேரும் வெளியிலைதான்."

லொரென்சோ போனை வாங்கினான். தான் தாயைக் கொண்டுபோவதாகவும் யூலியானா அடுப்பு மூட்டிக்கொண்டு வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் இத்தாலியனில் சொன்னான். மாதாவுக்கு நன்றி சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனுசன், "உங்கள் எடை என்ன?" என்று கேட்டார். நூறுக்கு மேல் என்றான். மனுசன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தலைக்குள்ளே கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். பல்லு, ஸ்பிரிங், எடை, ஏற்றம்.

"நீங்கள் ஏறினால் அது ஏறாது. பாரம் குறைந்தவர்கள் இரண்டு பேர் போனால்தான் ஏறும்."

பாரம் குறைந்தவர்கள் என்றால் யார்? கிழவியும் என் பிள்ளையும்தான்.

"உங்களுக்கு என்ன விசரே!" என்று கத்தினேன். "பெத்த தகப்பன்தானே நீங்கள்? அந்தத் தடியனும் இருக்கட்டும், சிஞ்ஞோராவும் இருக்கட்டும், என்ரை பிள்ளை அடுப்படியிலை இருக்கட்டும்! அவள் எங்கை அந்தக் கோதாரியை ஓடினவள்?"

"அம்மா," என்றாள் யூலியானா. "சிஞ்ஞோராவின்ரை உதடு நீலமாய்ப் போச்சு. நான் இண்டைக்குக் காலமை ரெண்டுதரம் இதை முத்தத்திலை ஓடிப் பாத்தனான். ஸ்கூட்டர் மாதிரித்தான். நான் போறன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கிழவி செத்தாலும் பரவாயில்லை, என் பிள்ளை போகக்கூடாது என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அதை மறைத்து என்ன பலன்.

மனுசன் போனுக்குக் கிட்டக் குனிந்தார். "கவனமாய்க் கேள் பிள்ளை. மெல்ல மெல்ல ஏறுவம் எண்டு நினைக்காதை. மெல்லப் போனால்தான் பெல்ட் வழுக்கி எரியும். முதல்லை லொரென்சோவை வண்டியின்ரை பின்பக்கத்தைத் தூக்கிப் போடச் சொல்லு, பட்டியிலை உறைஞ்ச பனி விடட்டும். பிறகு பெருவிரலாலை வேக விசையை முழுசாய் அமத்து. உச்சி வருமட்டும் விடாதை. பயத்திலை விட்டியெண்டால் திரும்ப வெளிக்கிடாது."

"முழுசாயோ அப்பா?"

"முழுசாய்."

யூலியானா சிஞ்ஞோராவைப் படுக்கை விரிப்பால் தன் முதுகோடு கட்டச் சொன்னாள். போனை வெட்டாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். லொரென்சோ தாயோடு ஏதோ பேசி அழுவது கேட்டது. பிறகு எஞ்சின் இரைந்தது. எங்கள் மேசையே அதிர்வது போல இருந்தது.

மனுசன் காதைப் போனில் வைத்துக்கொண்டு நின்றார். இரைச்சல் உயர்ந்தது. "பிடிச்சிட்டுது," என்றார். பிறகு ஒரேயடியாகக் கீச்சென்று ஏறியது. "வழுக்குது... வழுக்குது... விடாதை பிள்ளை, அமத்து!" என்று கத்தினார். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்தினார். "மடு மாதாவே, மடு மாதாவே" என்பதற்கு மேல் ஒரு செபமும் என் வாயில் வரவில்லை. காற்று ஊளையிடுகிற சத்தத்துக்கு நடுவில் அந்தக் கிழவியின் முனகலும் கேட்டது. அதுவும் செபம்தான்.

இரைச்சல் திரும்பவும் தடித்துக் கீழே இறங்கியது. மனுசன் மூச்சு விட்டார். "இழுக்குது மலர். ஏறுறாள். ஏறியிட்டாள்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் சிரித்தேன், அழுதேன், மீன் நாறுகிற கையால் அவர் முகத்தைத் தடவினேன்.

அந்த நேரம் லைன் அறுந்தது.

திரும்ப எடுத்தோம். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் சொன்னது. "உச்சியிலை சிக்னல் இருக்காது," என்றேன் நானே, அவரைத் தேற்ற. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே உட்கார்ந்தார்.

"மலர். இறக்கம்."

"என்ன இறக்கம்?"

"அங்காலை இறக்கம். அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை."

"இறங்கிறதுக்கு என்ன சொல்லக் கிடக்கு? கையை விட்டால் தன்ரை பாட்டிலை நிக்கும்தானே?"

"நிக்காது. நான் போட்ட ஸ்பிரிங்குக்கு, விசையை விட்டவுடனை கிளச் பெல்ட்டை விட்டிடும். எஞ்சின் இழுத்துப் பிடிக்காது. வண்டி சும்மா உருளும், பிறேக் மட்டும் அந்த இறக்கத்துக்குக் காணாது. கொஞ்சம் விசையை அமத்திக்கொண்டுதான் இறங்கவேணும், அப்பதான் எஞ்சின் பிடிக்கும். இறக்கத்தைக் கண்டால் எந்தப் பிள்ளை விசையை அமத்தும்? பயத்திலை விட்டிடுவாள். விட்டால் இன்னும் வேகம்."

"ஏன் சொல்லேல்லை? ஏன் நீங்கள் சொல்லேல்லை?" என்று அவர் நெஞ்சில் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. "எனக்கு நினைவு வரேல்லை," என்றார். "இறக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே எனக்கு நினைவு வரேல்லை."

பிறகு காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கீழே தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அவர்களைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. மனுசன் லொரென்சோவுக்கு எடுத்தார்; வண்டி வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றேன், உச்சியில் மறைந்துவிட்டது என்றான். அம்புலன்சுக்கு எடுத்தார்; இன்னும் வரவில்லை என்றார்கள். கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று பிள்ளை போட்ட வெள்ளை உடுப்பு, ஸ்கூட்டர் லைசன்ஸ் எடுத்த அன்று அவள் ஆடிய ஆட்டம், எல்லாம் கண்ணுக்குள் வந்தன. செத்தவர்களைத்தானே அப்படி நினைப்போம் என்று எண்ணியதும் இன்னும் பயந்தேன்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அப்பா."

நான் நிலத்தில் குந்திவிட்டேன். குரல் குழறியது, உதடு வெடித்திருக்கிறதாம், கை வீங்கியிருக்கிறதாம். வண்டி பாய்ந்து பாய்ந்து இறங்கி, அம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு பனிக்குவியலில் குத்தி நின்றது. ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்களாம். சிஞ்ஞோராவுக்கு ஒட்சிசன் கொடுத்தாயிற்று, கண் திறந்திருக்கிறா. "அம்மா, அழாதேங்கோ, எனக்கு ஒண்டுமில்லை," என்றாள். நான் அழுதேன்தான். அழாமல்?

மனுசன் மட்டும் அழவில்லை. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ அதைக் கேட்டால்தான் உயிர் வரும் என்பது போலக் கேட்டார்.

"என்ன வேகத்திலை இறங்கினனீ பிள்ளை?"

"தெரியாது அப்பா. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தனான்."

அவர் போனை என் கையில் தந்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அது பிள்ளைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, நான் நிறுத்தாமல் அவளோடு எதையெதையோ கதைத்துக்கொண்டே இருந்தேன்.