ஆறு நிமிட நடை

ஆறு நிமிடம் முடிந்ததும் எஞ்சின் திரும்பிப் பார்த்தார், யாராவது சபாஷ் சொல்வார்கள் என்று. ஆஸ்பத்திரியின் நீண்ட நடைபாதையில் இரண்டு கோடியிலும் ஒரு கூம்பு வைத்திருந்தார்கள். இதைச் சுற்றி அதற்கு, அதைச் சுற்றி இதற்கு. சரக்குக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் மூட்டை சுமந்தவருக்கு இதெல்லாம் ஒரு நடையா! நிற்காமல் ஓடுகிறாரே என்று கூட்டாளிகள் வைத்த பெயர்தான் எஞ்சின். நர்ஸம்மா கடிகாரத்தை நிறுத்தி, "நானூத்தி இருபது மீட்டர்" என்று எழுதிக்கொண்டாள். சுவர்கள் மட்டும் அவர் கண்ணுக்கு மெல்ல மிதந்துகொண்டிருந்தன.

உள்ளே டாக்டரம்மா அவருடைய இதயத்தைத் திரையில் ஓடவிட்டார். வால்வுகளைப் பற்றியே பல வருடமாக ஆராய்ச்சி செய்கிறவர். நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்துகிறார். எஞ்சினுக்கு நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் தாங்காது என்று இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். இந்த ஆராய்ச்சியில் இடம் கிடைத்தால்தான் உண்டு.

கறுப்பும் வெள்ளையுமாய்ப் புகை சுழன்றது. நடுவில் சின்னக் கதவு ஒன்று, திறக்க மனமில்லாததுபோல் துடித்தது. தனக்குள் இத்தனை காலமும் இது ஓயாமல் வேலை பார்த்ததா? ஒரு நாள் லீவு கேட்கவில்லையே என்று அதன்மேல் அவருக்கு என்னவோ பாசமாக வந்தது.

"சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போச்சு ஐயா. ஊசி நுழையற மாதிரி ஒரு சந்துதான் இருக்கு. இதை வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் நடந்திருக்கீங்க. மூச்சு வாங்கலயா?"

"கொஞ்சங்கூட இல்லம்மா."

"படம் பொய் சொல்லாது. அப்ப யாரு சொல்றது?"

"வேற யாரு, உங்க முன்னாடி ஒண்ணுந்தெரியாத மாதிரி உக்காந்திருக்காரே, அவருதான்" என்றாள் மனைவி. "மூணு தலகாணி வச்சு உக்காந்துகிட்டேதான் தூங்குறாரு. கேட்டா, காத்து வாங்குறேங்கிறாரு."

"நீ சும்மா இரு."

"கட்டிக்கிட்ட நாள்லருந்து சும்மாதான் இருக்கேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நடந்தா மூச்சு வாங்குறவங்களுக்குத்தான் இந்த ஆராய்ச்சியில இடம். இப்படியே எழுதினா உங்க பேர லிஸ்ட்லருந்து எடுத்துருவாங்க, நானே நெனச்சாலும் முடியாது. நல்லா ஓய்வெடுத்துட்டு இன்னொரு தடவ நடங்க. நாங்க பாக்குறோம்னு நடக்காதீங்க."

பார்க்காத இடத்தில் அவர் எப்போது நடந்தார்? கிடங்கில் மேஸ்திரி முன்னால் இரைத்தால் மறுநாள் வேலை கிடையாது. வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே சமாளிக்க வேண்டும். ரொம்ப முடியாவிட்டால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்ளலாம். அந்த வித்தை உடம்போடு ஊறிப்போயிருந்தது.

மதியம் மறுபடி கூம்பு. முதல் சுற்றில் கால்கள் அவரைக் கேட்காமலே பறந்தன. இரண்டாவது சுற்றில் ஜன்னல் வெயில் தரையில் தண்ணீராய்க் கிடந்தது. அதில் முழங்கால்வரை இறங்கி நடப்பதுபோல் இருந்தது. சத்தமெல்லாம் தூரப் போயிற்று. உள்ளே அந்தச் சின்னக் கதவு தட்டுவது மட்டும் கேட்டது. கை தானாகச் செருப்பு வாரைத் தேடிக் கீழே போனது. பாதி குனிந்தவர், நிமிர்ந்தார்.

"மூச்சு முட்டுது" என்றார்.

சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். வேறு யாரோ, சின்ன வயசுக்காரன் ஒருவன், உள்ளேயிருந்து சொன்னதுபோல் இருந்தது. சுவரில் உள்ளங்கையை ஊன்றினார். பெஞ்சிலிருந்து மனைவி பதறி எழுந்தாள். நர்ஸம்மா, "கிட்ட போகாதீங்கம்மா, நிக்கட்டும்" என்று கையைக் காட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு ஐயா. அவசரமில்ல."

எஞ்சின் நின்றார். வாயைத் திறந்து, தோள் குலுங்க, எல்லாருக்கும் கேட்கும்படி இரைத்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களும் துடைப்பம் பிடித்தவர்களும், பாறையைத் தொட்டு இரண்டாகப் பிரியும் ஓடைபோல் அவருக்கு இருபுறமும் போய்க்கொண்டிருந்தார்கள்.