உப்புப் பார்த்த நாக்கு

நோன்பு மாதம் வந்துவிட்டால் பெரியக்கா தன் சமையலைத் தானே ருசி பார்க்க முடியாது. அவள் ஆஸ்பத்திரிச் சமையலறையின் தலைமைச் சமையல்காரி. பகல் முழுக்கப் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. சைவப் பானைக்கு உப்புப் பார்ப்பது காய் நறுக்குகிறவள்தான். ஆள் ஒல்லி என்பதால் ஊரே அவளை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடும். சுத்த சைவம். முட்டை வெந்த பாத்திரத்தைக் கழுவச் சொன்னால் மூன்றடி தள்ளி நிற்பாள்.

அந்தப் பானையை நம்பித்தான் மாடியில் பல நோயாளிகள் வாயைத் திறந்தார்கள். புழுபூச்சிக்கும் தீங்கு நினைக்காத சமணர், கறியையும் பாலையும் ஒன்றாகச் சேர்க்காத யூதப் பெரியவர், ஹலால் என்று சொல்லிக் கொடுத்தாலும் நம்பாமல் கறித்தட்டைத் தள்ளிவைக்கும் பெண்கள்.

அன்று ஒட்டடைக்குச்சி ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, உப்பு சரி, ருசிதான் என்னவோ புதுசாக இருக்கிறது என்றாள். பெரியக்கா சிரித்துவிட்டுப் போனாள். காய்த்தோலைக் கொட்டப் போனபோதுதான் பெரியக்கா குப்பைத் தொட்டியில் கோழிச் சூப்புப் பொடி உறைகளைப் பார்த்தாள். காய்ப் பொடி தீர்ந்துவிட்டதாம். சூப்பர்வைசர் முந்தின நாளே இதைக் காய்ப் பொடி இருக்கும் பச்சை மூடி டப்பாவில் கொட்டி வைத்திருந்தார். கேட்டபோது கூசாமல் ஒத்துக்கொண்டார். சைவம் என்ற ஸ்டிக்கரையே ஒட்டி அனுப்பச் சொன்னார்.

அந்த டப்பாவைத் திறந்து பானையில் போட்டது பெரியக்காவின் கை. கரண்டியை நீட்டியதும் அவள் கை.

"உங்க ஆளுங்களுக்குத்தான் ஹலால் தனியா வருதே? அடுத்தவங்களுக்கு நீ ஏம்மா வரிஞ்சு கட்டிக்கிட்டு வர்ற?" என்றார் அவர். "சைவக்காரியே குடிச்சா. அவளுக்கே தெரியல."

"தெரியாமக் குடிச்சது அவ தப்பு இல்ல சார். தெரிஞ்சு ஊத்தினா அது என் தப்பு."

சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். பானையின் ஒரு காதைத் துணியோடு பிடித்தாள். மறு காதைப் பிடிக்க யாரும் வரவில்லை. தரையோடு இழுத்துக்கொண்டு போய்க் கழிவுத் தொட்டியில் சாய்த்தாள். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"எழுதிக் கொடுங்க சார். எதுக்கு அனுப்புறீங்கன்னும் சேர்த்து எழுதுங்க."

அவர் விருட்டென்று வெளியே போனார். பெரியக்கா மாடிக்குப் போய், சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம் என்றும் ஏன் என்றும் படுக்கை படுக்கையாகச் சொன்னாள். சூப்பர்வைசரின் பெயரையும் விடவில்லை. திரும்பி வந்து வேறு பானையைத் தேய்த்து, வெறும் காயும் பருப்பும் போட்டு வேகவிட்டாள்.

ஒட்டடைக்குச்சி குழாயடியில் குனிந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். கண் சிவந்திருந்தது. அவளிடம் போய் நிற்கவே பெரியக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. இனி எந்த முகத்தோடு கரண்டியை நீட்டுவது? உப்பைக் குத்துமதிப்பாகப் போட்டாள், போதுமா என்று தெரியவில்லை.

பின்னால் ஈரக் கை ஒன்று நீண்டது.

"இதுல என்னக்கா போட்டீங்க?"

"காய், பருப்பு, உப்பு. அவ்வளவுதான்."

ஒட்டடைக்குச்சி கரண்டியைப் பிடுங்கி, ஊதிக்கூடப் பார்க்காமல் குடித்தாள்.

"இன்னும் ஒரு கல்லு உப்பு போடுங்க," என்றாள்.