அலமாரி மேல் வைத்த ரெக்கார்டர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாரத்தில் ஆறு நாள் கிரீஸும் இரும்புக் கயிறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேய். அவனும் ஜெராக்ஸ் கடைக்காரரும் இரண்டு வருடமாக ஆளில்லாத வீடுகளிலும் மூடிப்போன தொழிற்சாலைகளிலும் ஏதாவது குரல் சிக்குமா என்று அலைந்தார்கள். கையிலிருந்தது செல்போன்தான். ஒருமுறை அதில் "போ" என்று தெளிவாகக் கேட்டு இருவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அது ஜெராக்ஸ் கடைக்காரரின் ஏப்பம் என்று தெரிந்த பிறகு ஒரு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நல்ல ரெக்கார்டர் வாங்கியே தீருவது என்று அப்போதுதான் முடிவானது. மூன்று வாரம் அவனுக்கு அதே நினைப்பு. ஒலிக்கருவிக் கடைக்கு நாலு தடவை போய் அங்கிருந்த பெண்ணைக் கேள்வியால் துளைத்தான். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, பறவைச் சத்தம் பதிவு செய்ய என்று கூசாமல் சொன்னான். செல்போனும் மலிவான ரெக்கார்டரும் அமைதியான இடத்தில் தங்கள் இரைச்சலையே பெரிதாக்கிக் காட்டும், அதில் எதை நினைத்தாலும் அது கேட்கும் என்று அவள் விளக்கினாள். ஒலி அளவைக் கையால் திருகி வைக்கிற மாதிரி, இரைச்சல் குறைந்த, இரண்டு மைக் உள்ள ஒன்றை எடுத்து வைத்தாள்.

"பக்கத்து ரூம்ல மூச்சு விட்டாலும் இது எடுத்துடும் சார்."

அந்த ஒரு பேச்சில் விழுந்தான்.

வாங்கியாயிற்று. சோதித்துப் பார்க்க இடம் வேண்டுமே. அம்மாவுக்கு ரூமில் ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம் என்று மனைவி போகிற போக்கில் சொல்லியிருந்தாள். மாமனார் போன பிறகு மாமியார் மகள் வீட்டோடு வந்து மூன்று வருடமாகிறது. பின்பக்க அறையில் இருந்தார். மருமகன் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வரமாட்டார். வேறு யாராக இருந்தாலும் என்ன சத்தம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். இவனுக்கோ சொந்த வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று தலைகால் புரியவில்லை. ஞாயிறு காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் அலமாரி மேல், பெட்டிகளுக்குப் பின்னால் ரெக்கார்டரை ஓடவிட்டு வந்தான்.

மதியம் அவர் துணி உலர்த்த மாடிக்குப் போனதும் அதை எடுத்துவந்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் ஆவலோடு வந்து சேர்ந்தார். இயர்போனில் ஆளுக்கு ஒரு காதை மாட்டிக்கொண்டார்கள். ஃபேன் சத்தம், கட்டில் முனகல், இருமல். அதன்பின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல மாமியாரின் குரல்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு நேரம் இருந்தா..."

நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். "மாப்பிள்ளை, காதுல ஓயாம இரைச்சலா இருக்கு. ஒரு நாள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?" அது அதட்டலாகப் பட்டதோ என்னவோ, "முடிஞ்சா கூட்டிட்டுப் போனீங்கன்னா" என்று மாற்றினார். பிறகு சிரித்துக்கொண்டே ஒருமுறை. பெரிதாக ஒன்றுமில்லை என்கிற தோரணையில் ஒருமுறை. ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

"வேணாம். அவருக்கே ஆயிரம் வேலை" என்று முடித்து மூக்கைச் சிந்தினார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடையில் ஆளில்லை என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்குக் கடையே கிடையாது.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூப்பிட்டால் மாமியார் தலையை ஒரு பக்கமாகத் திருப்புவதை அவன் பல தடவை பார்த்திருக்கிறான். தன்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

மாலையில் அறை வாசலில் போய் நின்று, நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன், காது டாக்டரிடம் போய் வரலாம் என்றான். உங்கள் மகள்தான் சொன்னாள் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டான். மாமியார் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்தார்.

"சத்தம் கேக்குதுன்னுதான் அவகிட்ட சொன்னேன். டாக்டர் பேச்சை யார்கிட்டயும் எடுக்கலியே."

வேறு வழியில்லை. பேய், ரெக்கார்டர், அலமாரி எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னான். பேயைப் பற்றிச் சொல்லும்போது குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னான்.

"நீங்க மட்டும்தான் கேட்டீங்களா?"

"இல்ல அத்தை. கூட ஒருத்தர் இருந்தாரு."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "என் கண்ணு முன்னாடியே அழிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார். அழித்தான். காலியான திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, ஒன்றரை வருடமாக என்றார். டாக்டர் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார். அவன் மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினான். டாக்டர் இன்னும் எழுதவே தொடங்கவில்லை.

இடது காது பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. மருந்தில் இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. முழுதாகப் போகாது என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவதில்லை.

மாமியார் இப்போது பகலிலும் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். மாத்திரை நேரத்தில் அவன் தட்டுகிறான். ஒரு தட்டு அவருக்குக் கேட்பதில்லை. இரண்டாவது தட்டு அதிகப்படியாகிவிடுமோ என்று, தம்ளரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் வெளியே நிற்கிறான்.