கெரம் பலகையாகிப் போன கதவு

என் வீட்டுக்காரர் ஐயாவு, ரப்பர் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு அறையின் பின்பக்கக் கதவைக் கழற்றிக் கெரம் பலகை செய்தார். நானாக இருந்தபடியால் பொறுத்துக்கொண்டேன். வேறு ஒருத்தியாக இருந்திருந்தால் அன்றைக்கே றக்வானைக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். உண்மையைச் சொன்னால் நானும் போகத்தான் நினைத்தேன். அந்த வளைவு ரோட்டில் பஸ் ஏறினால் எனக்கு வாந்தி வரும், அதனால்தான் போகவில்லை.

"பலா மரம், புஷ்பம்! யட்டியாந்தோட்டை டவுன் முழுக்கத் தேடினாலும் இப்பிடி ஒரு பலகை கெடைக்காது," என்றார், இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே.

"அது கதவுங்க! கதவு!"

"கதவா தொங்கிக்கிட்டு இருந்தா அதோட அருமை யாருக்குத் தெரியும்?"

இப்படிப் பேசுகிற ஆளோடு என்ன செய்வது? மேல் பாதியைச் சதுரமாக அறுத்து, நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, ரப்பர் மரத்தில் சட்டம் அடித்துவிட்டார். மிச்சப் பாதி கூரையடி அட்டாலையில் கிடந்தது.

எல்லாம் தோட்டத்தின் மேல் பிரிவான எங்கள் மேற்கணக்கின் கிளப்பால் வந்த வினை. ஊர் உலகத்தில் நன்றாக ஆடுகிறவனுக்குப் பரிசு கொடுப்பார்கள். எங்கள் கிளப்பிலும் முன்பு அப்படித்தான் கொடுத்தார்கள். தொண்ணூற்று மூன்றில் தோற்றவன் கல்லைத் தூக்க, ஜெயித்தவன் மண்டையில் ஏழு தையல். அதற்குப் பிறகு ஆளுக்குப் பரிசு கிடையாது, ஆடுகிற சாமானுக்குத்தான் பரிசு என்று முடிவு செய்துவிட்டார்கள். வருஷா வருஷம் சித்திரைப் பிறப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல கெரம் பலகை, நல்ல ஸ்ட்ரைக்கர், நல்ல பவுடர், நல்ல தாம் பலகை, நல்ல தாயக்கட்டை என்று பரிசு கொடுப்பார்கள். போன வருஷம் பவுடருக்கு ஜெயித்தது மரவள்ளி மாவு. மறுநாள் பலகை முழுக்க எறும்பு.

ஜெயித்த பலகை ஒரு வருஷம் கிளப்பில்தான் இருக்க வேண்டும். செய்தவர் பெயரைச் சுவரில் பெயின்டால் எழுதுவார்கள். ஐயாவு ஆறு வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

"ஜெயிச்சா கதவு போயிருமே?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம்தானே! தோத்துட்டா அடுத்த நாளே ஒட்டி மாட்டிக் குடுத்துர்றேன். ஓட்டைக்குத் தகரம் அடிச்சுக்கலாம்."

ஒரு வருஷமாம்! கதவு போன மூன்றாம் நாளே நாய் உள்ளே வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. காற்றில் அடுப்பில் நெருப்பு நிற்கவில்லை. பழைய சேலையைத் தொங்கவிட்டேன், அது பாதி நேரம் குழம்புச் சட்டிக்குள் கிடந்தது. வைகாசி முடிவில் பெரிய மழை தொடங்கினால் பின்பக்கத்து ஓடைத் தண்ணீர் நேராக என் பாயில்தான் வந்து படுக்கும். ஆகையால் அந்தப் பலகை தோற்றே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் ரப்பர் பால் வெட்டுகிற பெண். போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமையும் வெட்டு இருந்தது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு சிரட்டை மட்டும் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்தேன். இரண்டு மணிக்கு நடுவர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றரைக்கு ஐயாவு பீலித் தண்ணீரில் குளிக்கப் போனார். அந்த நேரம் பார்த்துச் சட்டத்தின் உள்பக்கம் சுற்றிலும் பாலை விரலால் பூசினேன். பச்சைப் பாலில் எது பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்ட்ரைக்கர் போய் முட்டும், அங்கேயே நிற்கும், சபை சிரிக்கும், கதவு வீட்டுக்கு வரும். இதுதான் என் கணக்கு.

நடுவர் வரும்வரை பலகைகளைத் துணி போட்டு மூடியே வைக்க வேண்டும் என்பது கிளப் வழக்கம். அதனால் யாரும் பார்க்கவில்லை. ஐயாவு பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு சாமி தூக்குகிற மாதிரி போனார்.

பெண்களுக்குக் கிளப்புக்குள் இடமில்லை. நானும் பக்கத்து வீட்டுத் தங்கம்மாவும் வாசற்படியில் நின்றோம். கைதட்ட மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள்.

இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது, நடுவரைக் காணோம். யட்டியாந்தோட்டையில் இரும்புச் சாமானும் கெரம் போர்டும் விற்கிற கடை வைத்திருக்கும் மயில்வாகனம் முதலாளிதான் நடுவர். அவர் வந்த பஸ்ஸுக்கு டயர் வெடித்துவிட்டதாம். வேர்த்து விறுவிறுத்து அவர் வந்து சேரும்போது ஐந்து மணி. சித்திரை வெயில், தகரக் கூரை. மெல்லியதாகப் பூசிய பால் அந்தச் சூட்டில் மூன்றரை மணி நேரம் பச்சையாக இருக்குமா?

"ஹரி, ஹரி, ஆரம்பிப்போம்," என்று பாதிச் சிங்களத்தில் அவசரப்படுத்தினார் முதலாளி.

ஒவ்வொரு பலகையிலும் ஸ்ட்ரைக்கரைச் சுண்டி, எத்தனை தரம் சட்டத்தில் முட்டித் திரும்புகிறது என்று எண்ணினார். முதல் பலகை இரண்டு. அடுத்தது மூன்று. எங்கள் பலகையின் துணியை எடுத்தார்கள். முதலாளி சுண்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து! சபையே எழுந்து நின்றது.

"ஐயையோ அக்கா!" என்றாள் தங்கம்மா. அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

முதலாளி குனிந்து சட்டத்தைத் தடவினார். "யாருப்பா இது, ரப்பர் பூசியிருக்கிறது? இருபது வருஷமா கெரம் போர்ட் விக்கிறேன், இப்பிடி ஒரு யோசனை எனக்கு வரலியே!"

ஐயாவும் குனிந்து தடவினார், முகர்ந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி என் விரல்களைப் பார்த்தார். பால் காய்ந்து கறுத்துப்போன விரல்கள். சேலைக்குள் மறைத்தேன், ஆனால் அவர் பார்த்துவிட்டார். அந்த மனிதர் வாயைத் திறக்காமல் நின்றிருந்தாலே போதும், ஆறு வருஷக் கனவு கைக்கு வந்திருக்கும்.

"நான் பூசலீங்க முதலாளி," என்றார். "என் பொஞ்சாதி வேலை."

இவரைத் தோற்கடிக்கவா நான் சிரட்டையைத் தூக்கினேன் என்று வெட்கமாகிவிட்டது.

கிளப் தலைவர் இந்திரகுமார் சிரித்தார். "பொம்பளைக்கு கெரம் பலகையப் பத்தி என்னா தெரியும்? கை தவறி பால் கொட்டியிருக்கும். ஐயாவு பேரையே எழுதுவோம்."

"அவ செஞ்சதுக்கு என் பேரு வேணாம்," என்றார் ஐயாவு.

"அப்போ பலகைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. கிளப்ல பொம்பளைங்க பேரு எழுதுற வழக்கம் இல்ல."

தங்கம்மா என் இடுப்பில் கிள்ளினாள். "அக்கா, கதவு! சரின்னு சொல்லுங்க, தூக்கிட்டுப் போயிருவோம்!"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் அந்தக் 'கை தவறி' என் காதிலேயே நின்றது. எட்டு வருஷமாகப் பால் வெட்டுகிறேன், ஒரு சொட்டு கை தவறிச் சிந்தியதில்லை. கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. படியைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

"கை தவறல! தோக்கணும்னுதான் பூசினேன். அது என் வீட்டுக் கதவு, எனக்குத் திரும்ப வேணும்னு பூசினேன். பஸ்ஸு நேரத்துக்கு வந்திருந்தா இந்நேரம் தோத்திருக்கும்!"

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தோக்கப் பூசினதுக்கே அஞ்சு தரமா! ஜெயிக்கப் பூசினா என்னா ஆகும்? சொல்லுங்க தங்கச்சி, கதவு வேணுமா, பேரு வேணுமா?"

ஐயாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது. நாய், அடுப்பு, சேலை, மழை எல்லாம் நினைவுக்கு வரத்தான் செய்தன.

"எழுதுங்க," என்றேன். "ரெண்டு பேரு பேரையும் எழுதுங்க. பலகை இங்கேயே கெடக்கட்டும்."

"அட பைத்தியக்கார அக்கா!" என்று வெளியிலிருந்து தங்கம்மா கத்தினாள்.

இந்திரகுமார் முணுமுணுத்தார். ஆனால் பரிசு எல்லாம் முதலாளி கொடுப்பது, அதனால் பெயின்ட் டப்பா வந்தது. எழுதி முடிக்கும்வரை நான் நகரவில்லை.

மறுநாள் பொழுது சாயுமுன் நாய் மறுபடி ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டு, தங்கம்மாவையும் இழுத்துக்கொண்டு நேராகக் கிளப்புக்குப் போனேன். இந்திரகுமார் வாசலை மறித்து நின்றார்.

"எங்கே போறீங்க? பேரு எழுதினா போதாதா?"

"என் வீட்டுக் கதவு உள்ளே இருக்கு," என்றேன். "என் கதவுகிட்ட நான் போறதுக்கு யாரைக் கேக்கணும்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வழி விட்டார். ஐயாவு பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், கையை நீட்டி எனக்கு எதிரே இடம் காட்டினார். இதுவரை ஒரு ஸ்ட்ரைக்கரைக் கையால் தொட்டதில்லை என்பது, உட்கார்ந்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.