தானாக விழும் கைப்பிடி

வெர்லின் தன் வாயாலேயே கட்டிக்கொண்ட பந்தயம் அது.

"ஒரே ஒரு தோட்டா சிக்கினாலும் சரி, துப்பாக்கிய எடுத்துட்டுப் போடான்னு லோவெல்கிட்ட நானே சொல்லிடறேன். எல்லாம் சுத்தமா உள்ள போச்சுன்னா, இந்த வருஷமும் எல்க் மான் வேட்டைக்கு மலையேறுவேன். அப்புறம் ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது."

லோவெல் அவருடைய தம்பி, பக்கத்துப் பண்ணைக்காரர். மளிகைக்குப் போன அண்ணன் வீட்டுக்கு வழி தெரியாமல் ஆற்றங்கரையில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தவர் அவர்தான். அன்றிலிருந்து அவரும் டாக்டரும் துப்பாக்கி வேண்டாம் என்று ஒரே பாட்டு. வெர்லினின் மனைவி மார்லிஸ் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பிடுங்கினால் மனிதர் உடைந்துபோவார், அவராகவே கொடுத்தால்தான் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

மலை உச்சியில் முதல் பனி விழுந்திருந்த மத்தியானம், கராஜில் மேசை முன்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். வேட்டைக்கென்று அவர் தன் கையாலேயே செய்த புதுத் தோட்டாக்கள் மேசையில் இருந்தன. வெர்லின் துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, சுடும் ஊசியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, போல்ட்டை மறுபடி மாட்டினார். பெற்ற மகள் பெயருக்குத் தடுமாறுகிற மனிதர்; விரல்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. ஊசி இல்லாத போல்ட்டில், அளவாக அமைந்த தோட்டாவை உள்ளே தள்ளினால் போல்ட்டின் கைப்பிடி தன் பாரத்திலேயே கீழே விழும். தோட்டாவின் பித்தளைக் கூடு ஒரு மயிரிழை நீண்டிருந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

க்ளக். விழுந்தது.

"பாத்தியா கிழவி?"

"பீத்திக்காத. இன்னும் அத்தனையும் இருக்கு."

க்ளக். க்ளக். ஒன்றாவது சிக்காதா என்று மார்லிஸ் வேண்டிக்கொண்டாள். கட்டினவன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. பாழாய்ப்போன கைப்பிடி ஒவ்வொரு முறையும் விழுந்துகொண்டே இருந்தது.

எல்லாம் முடிந்ததும் தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கப்போனாள். போன வருஷத்து மிச்சம் நாலைந்து அதில் கிடந்தன. புதியவை ஏனோ கனமில்லாமல் இருந்தன. ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டினாள். சத்தமில்லை. போன வருஷத்ததை ஆட்டினாள். உள்ளே வெடிமருந்து சரசரத்தது. புதியதில் இன்னொன்று, இன்னொன்று... அத்தனையும் ஊமை. மருந்தில்லாமல் சுட்டால் குண்டு குழலிலேயே மாட்டிக்கொள்ளும். அதன் பின்னால் பழைய தோட்டா ஒன்று போனால், குழல் அவர் முகத்திலேயே வெடிக்கும்.

"ஆட்டிப் பாரு வெர்லின்."

அவர் வெகுநேரம் ஆட்டினார்.

"நான் மருந்து போடலையா?"

"போடல."

"ஒண்ணுலயுமா?"

அவள் தலையாட்டினாள். வெர்லின் சண்டை போடவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சிக்கலன்னாலும் தோத்தது தோத்ததுதான். லோவெலக் கூப்பிடு. அப்பா குடுத்த துப்பாக்கி, பத்திரமா வச்சுக்கச் சொல்லு."

அவர் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மார்லிஸ் அழுதாள். அந்த அழுகையிலும் ஒரு நிம்மதி இருந்தது. யாரும் பிடுங்கவில்லை, அவரே கொடுத்துவிட்டார்.

உள்ளே போய் ஃபோன் செய்தாள்.

"நெஜமாவே அவரே சொன்னாரா அண்ணி?"

"அவரேதான் சொன்னாரு. உடனே வா."

காப்பியைக் கலந்து எடுத்துக்கொண்டு திரும்பினாள். கராஜ் கதவைத் தொடும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

க்ளக்.

பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வெர்லின் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்தியா! ஒண்ணுகூட சிக்கல பாரு. பந்தயத்துல ஜெயிச்சுட்டேன்டி!"

மார்லிஸ் காப்பியை மேசை ஓரம் வைத்தாள். வெளியே சரளைக்கல்லில் வண்டி வந்து நின்றது. வெர்லின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அட, லோவெல்! வேட்டைக்கு என்னயக் கூப்பிடத்தான் வந்திருக்கான்."